மரித்தோரின் பெயர்களை வாசியுங்கள்: பெருமன்றப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவின் சேகரங்களிலிருந்து, அதாவது பல சபைகள் சேர்ந்த வட்டங்களிலிருந்து, திருமண்டலத்தின் பிரதிநிதிகள் கூடும் பெருமன்றத்துக்குச் செல்லவிருக்கும் ஆயர்களுக்கும், சபைப் பிரதிநிதிகளான சகோதர சகோதரிகளுக்கும், கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துக்கள்.

நான் பாமணி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர்ச் சபையைச் சேர்ந்தவள்; ஓய்வுபெற்ற ஆசிரியை; இது எனக்கு மூன்றாவது பெருமன்றம். கூடுகைக்கான நிகழ்ச்சி நிரல் சென்ற வாரம் கைக்கு வந்தது. காலை எட்டரை மணிக்கு ஆராதனை, ஒன்பதே காலுக்கு வருகைப் பதிவு, அதன்பின் முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்றல், அதற்கு அடுத்தபடியாக ஒரே வரியில் ‘மரித்தோர் பட்டியல்: வாசித்ததாக ஏற்றல்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கடந்த கூடுகைக்குப் பின் மரித்துப்போன ஆயர்கள், ஆயருக்குத் துணையாக ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் உபதேசியார்கள், வேதாகம ஊழியப் பெண்கள், சேகர கமிட்டியில் உழைத்தவர்கள் ஆகிய எல்லாருடைய பெயர்களையும், ஒவ்வொன்றாக, ஊர்ப் பெயரோடு, நாம் எழுந்து நிற்க, சத்தமாக வாசிக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பிரதிநிதியாகச் சென்ற ஒரு கூடுகையில், ஆராதனை நீண்டு, வருகைப் பதிவும் தாமதமாகி, தேர்தலுக்கு நேரம் போதாது என்ற பதற்றம் மண்டபத்தில் பரவியிருந்த வேளையில், மரித்தோர் பட்டியல் அறிக்கைப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் அச்சாகி இருப்பதால் அதை வாசித்ததாக ஏற்கலாமா என்று கேட்கப்பட்டது. ஏற்கிறோம் என்று கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் படியிறங்கி வந்தபோதுதான், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவைக் கண்டேன். எங்கள் பக்கத்துச் சேகரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக இருந்து, அந்த ஆண்டு தை மாதத்தில் மரித்தவருடைய மனைவி அவர். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்து, பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். “ஐயா பேரு எப்போ வாசிப்பாங்க டீச்சர்?” என்று என்னைக் கேட்டார். வாசித்தாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வாசிக்கப் போவதில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கலாம் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவர் சாயங்காலம் வரை காத்திருந்தார் என்று பேருந்து நிலையத்தில் பேத்தி சொன்னாள். அந்தப் பாவத்தை நான் வேறு யார்மீதும் சுமத்தவில்லை. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

நம்முடைய சபைகள் எந்த வழியில் வந்தவை என்பதை நாம் நினைவில் வைத்திருந்தால் அந்தக் காலை அப்படிப் போயிருக்காது என்று நம்புகிறேன். டெல்டாவில் தரங்கம்பாடி என்றால் லுத்தரன், தஞ்சாவூர் என்றால் பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வழிவந்த ஆங்கிலிக்கன் சபை, நாகப்பட்டினமும் மன்னார்குடியும் என்றால் வெஸ்லியன் மெதடிஸ்ட் என்று பழைய தலைமுறை எளிதாகப் பிரித்துச் சொல்லும். மன்னார்குடியில் பின்லே பள்ளிக்கூடத்தைத் தெரியாத குடும்பம் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியை நடத்திய மிஷன் தன் சபைகளை எப்படிக் கூட்டி, எப்படிக் கணக்குக் கேட்டு, எப்படி ஜெபித்தது என்பதைத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சபையாரோடும், அதற்கு முன்பே ஒன்றாகியிருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையாரோடும் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். ஒன்றாவதற்காக ஒவ்வொருவரும் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள், சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெதடிஸ்டுகள் கொண்டுவந்து கொடுத்தவற்றில் ஒன்று, ஒரு நாள் கூட்டத்தை எப்படி நடத்துவது என்ற அறிவு. அது எங்கோ வழியில் நம் கையிலிருந்து நழுவியிருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கூட்டிய முதல் மாநாடு 1744 ஜூன் 25-ஆம் தேதி லண்டனில், முன்பு பீரங்கி வார்த்த ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் தொடங்கியது. வந்திருந்தவர்கள் பத்தே பேர். வெஸ்லி சகோதரர்களையும் சேர்த்து குருமார் ஆறு பேர், குருப்பட்டம் இல்லாத பிரசங்கிகள் நான்கு பேர். அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம் மூன்று கேள்விகளுக்குள் அடங்கும்: என்ன போதிப்பது, எப்படிப் போதிப்பது, எதைச் செய்வது. கேள்வியும் பதிலுமாகவே குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகள் ஆண்டுதோறும் வளர்ந்தபோது அவற்றில் நிலையாக இடம்பெற்ற கேள்விகளைப் பாருங்கள். பிரசங்கிகளில் யார்மேலாவது குறை உண்டா என்று ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்டார்கள். இந்த ஆண்டு யார் எங்கே ஊழியம் செய்யப்போகிறார் என்று கேட்டார்கள். இந்த ஆண்டு மரித்தவர்கள் யார் என்று கேட்டார்கள். மரித்தவரைப் பற்றி இரண்டொரு வரிகள், அவர் எப்படிப்பட்டவராக இருந்தார், எப்படி முடிந்தார் என்பதைக் குறிப்பேட்டிலேயே எழுதிவைத்தார்கள். பணியிட மாற்றமும் மரணமும் ஒரே நிகழ்ச்சி நிரலில், ஒரே மரியாதையோடு இடம்பெற்றன. அலுவல் ஒரு பக்கம், ஆராதனை ஒரு பக்கம் என்ற பிரிவினை அந்தக் கேள்விகளுக்குள் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணக் கணக்கு வந்துவிட்டால் பக்தி போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம், அதாவது ஒரு தலைவரின் பொறுப்பில் வாரந்தோறும் விசாரிக்கப்படும் சிறு குழு, பிறந்ததே ஒரு கடனில்தான். பிரிஸ்டல் நகரத்தில் கட்டிய கூட்ட மண்டபத்தின் கடனை அடைப்பதற்காக, ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று 1742-ல் பேசப்பட்டது. ஏழைகளால் எப்படி முடியும் என்ற கேள்வி எழுந்தபோது, அங்கிருந்த ஒரு கப்பல் தலைவர், பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் அவர்களைப் போய்ப் பார்க்கிறேன், யாரால் கொடுக்க முடியவில்லையோ அவர்களுக்காக நானே போட்டுவிடுகிறேன் என்றார். அப்படி வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள், அங்கே நோயாளியைக் கண்டார்கள், சண்டையிட்டுப் பிரிந்திருந்த தம்பதியைக் கண்டார்கள், குடியில் விழுந்தவனைக் கண்டார்கள். வசூல் விசாரிப்பாக மாறியது. உலகம் முழுவதும் மெதடிஸ்ட் சபைகளைத் தாங்கிய மேய்ப்புப் பணி ஒரு கடன் கணக்கிலிருந்து முளைத்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தாத்தா வெஸ்லியன் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். அவர் வைத்திருந்த வகுப்புப் புத்தகம் ஒன்று, செல்லரித்த ஓரங்களோடு, என்னிடம் இருக்கிறது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் வாரவாரியாகக் கட்டங்கள், கட்டங்களுக்குள் அணாக் கணக்கு. கொடுக்காத வாரத்தில் கட்டத்தை அவர் வெறுமனே விடவில்லை. ‘காய்ச்சல்’, ‘நடவு’, ‘மகள் பிரசவம்’, ‘பண்ணையில் அடி’, ‘பினாங்கு போனான்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒருவனுடைய பெயரை அதற்குப் பிறகும் அடிக்காமல், ஒவ்வொரு வாரமும் கட்டம் போட்டு, ‘ஜெபித்தோம்’ என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். காலாண்டுக் கூட்டத்துக்கு அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை வழியாக மன்னார்குடிக்கு நடந்து போவாராம். முற்பகலில் கணக்குப் பார்ப்பார்களாம், பிற்பகலில் சபையார் எளிய உணவைப் பகிர்ந்து சாட்சி சொல்லும் அன்பின் விருந்து, பிறகு திருவிருந்து. காலையில் கணக்கில் வந்த பெயர்களே மாலையில் ஜெபத்தில் வரும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த முறை இன்றும் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. மலேசியாவில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அதற்கு விடை கிடைத்தது. அங்கே மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்று தனி ஆண்டு மாநாடு இருக்கிறது. சீனச் சபைகளுக்கும், சரவாக் மாநிலத்து இபான் மக்களுக்கும் அவரவர் மாநாடு உண்டு. சம்பந்தி வீட்டார் பிரதிநிதிகளாகச் சென்றதால், ஒரு நாள் முழுவதும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க எனக்கு இடம் கிடைத்தது. நம்மூர்ப் பேச்சு வழக்கிலிருந்து சற்று மாறிய தமிழ், ஆனால் முகங்களெல்லாம் நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் பார்த்த முகங்கள்.

அன்று காலை திருவிருந்தோடு தொடங்கியது. அதே மேசைக்கு முன்னால்தான் பிறகு அறிக்கைகளும் வைக்கப்பட்டன. யாரும் மண்டபம் மாறவில்லை, உடையும் மாறவில்லை. கல்விக் குழு அறிக்கை, மிஷன் குழு அறிக்கை, ஓய்வூதிய நிதி, வரவு செலவுத் திட்டம் என்று அலுவல் நம்முடையதைப் போலவே நீண்டது. ஓர் இடத்தில் குரல்களும் உயர்ந்தன. ஒரு சபையின் நிலுவையைப் பற்றிக் கடுமையான பேச்சு வந்தபோது, அந்தச் சபையின் போதகர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று ஒருவர் எழுந்து சொன்னார். தலைமை வகித்தவர் விவாதத்தை நிறுத்தி, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அவருக்காக ஜெபித்துவிட்டு, பின்பு நிலுவையைப் பற்றிய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நிலுவையைத் தள்ளுபடி செய்யவும் இல்லை, அந்தச் சபையை அவமானப்படுத்தவும் இல்லை. தவணையும், உதவிக்கு ஒரு குழுவும் முடிவாயின. அன்றைய பிற்பகலில் மரித்தோரை நினைவுகூரும் ஆராதனை நடந்தது. ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட்டபோது அந்தக் குடும்பத்தார் தங்கள் இடத்தில் எழுந்து நின்றார்கள். ஒரு பெயருக்கு யாரும் எழவில்லை. அவருக்குக் குடும்பம் இல்லை போலும். சில நொடிகளில் அவர் கடைசியாக ஊழியம் செய்த சபையின் பிரதிநிதிகள் எழுந்து நின்றார்கள். நான் அந்த நேரத்தில் நம்மூர் மண்டபத்துத் தூணையும், அதன் அடியில் விரித்திருந்த பாயையும் நினைத்துக்கொண்டேன்.

மெதடிஸ்டுகள் மாநாட்டைத் தொடங்கும்போது ஜான் வெஸ்லியின் தம்பி சார்லஸ் வெஸ்லி எழுதிய ஒரு பாடலைப் பாடுவது பழைய வழக்கம். நாம் இன்னும் உயிரோடிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் காண்கிறோமே என்ற வியப்பில் அந்தப் பாடல் தொடங்குகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, நம் தென்னந்தோப்புகளையெல்லாம் படுக்கவைத்துவிட்டுப் போன பிறகு நாம் முதன்முறை ஒருவரை ஒருவர் பார்த்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆலயத்துக் கூரை போயிற்றா, வீடு நிற்கிறதா, பிள்ளைகள் சுகமா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டோமே, அந்த உணர்வோடு ஒரு கூடுகை தொடங்குமானால், அதற்கு அடுத்து வரும் கேள்வி ‘யார் இங்கே இல்லை’ என்பதாகத்தான் இருக்க முடியும். மரித்தோர் பட்டியல் அந்தக் கேள்விக்கான விடை. அது பிற்சேர்க்கைக்குப் போகக்கூடாது.

நேரம் இல்லை என்று சொல்வீர்கள். நம் கூடுகையில் நேரம் எங்கே போகிறது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். தேர்தலுக்குப் போகிறது, தேர்தலைப் பற்றிய ஆட்சேபணைக்குப் போகிறது, அதற்கான பதிலுக்குப் போகிறது. தேர்தலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வெஸ்லியன் மாநாட்டில் சபையாரின் பிரதிநிதிகள் உட்கார 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவள் என்ற முறையில், நமக்குக் கிடைத்திருக்கும் வாக்கை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் ஒரு பெயரை ஊர்ப் பெயரோடு வாசிக்க எத்தனை நொடி ஆகும்? பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும். அதற்கு இடம் விட முடியாத அளவுக்கு நம் அலுவல் பெருத்துப்போயிருக்கிறது என்றால், பெருத்துப்போன அலுவலைத்தான் நாம் திருத்த வேண்டும்.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். நம் சேகரங்களின் காணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கு வைக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மறந்துவிடக்கூடாது. சம்பா அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வருகிறபோது, ஆலயத்து வாசலில் நடக்கும் ஏலத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். படைத்த பரங்கிக்காயை, தான் கொண்டுவந்த அதே பரங்கிக்காயை, நூறு நாள் வேலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஏலம் எடுத்து, மறுபடியும் ஆலயத்துக்கே விட்டுவிட்டுப் போகும் அம்மாக்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். அந்தப் பணமும் சேர்ந்த கணக்கு, பெருமன்றத்தில் பக்க எண் மட்டும் சொல்லப்பட்டு நிறைவேறுகிறது. முழுப் புத்தகத்தையும் வாசிக்கச் சொல்லவில்லை. டெல்டாச் சேகரங்களிலிருந்து வந்தது எவ்வளவு, அவற்றுக்குத் திரும்பியது எவ்வளவு, உபதேசியார் சம்பளம் எத்தனை மாதம் நிலுவை என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொன்னால் போதும். நாங்கள் ஊருக்குத் திரும்பி, ஞாயிறு ஆராதனையில் அந்த அம்மாக்களிடம் அதையே சொல்வோம். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பதில் குறை வந்தபோது, அந்த வேலைக்கென்று ஏழு பேரை நிறுத்தி, ஜெபம்பண்ணி, அவர்கள்மேல் கை வைத்தார்கள். சோறு பங்கிடும் பொறுப்புக்கே கை வைத்து ஜெபித்த சபை அது.

கூடுகையின் தேதியையும் நீங்கள் யோசிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, குறுவை நடவு சூடுபிடிக்கும் வாரங்களில் பெருமன்றம் வைத்தால், நடவாள் ஒருத்தி எப்படிப் பிரதிநிதியாக வருவாள்? ஒரு நாள் கூலி மட்டுமா போகிறது? கூட்டாக ஒப்பந்தம் பேசி நடவு எடுக்கும் பெண்கள் குழுவில் ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அவளுடைய பங்கையும் நட வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அவளைச் சேர்த்துக்கொள்ள யோசிப்பார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் பிரதிநிதி என்று பெயர் கொடுக்கச் சொன்னால், மாதச் சம்பளக்காரர்களும், என்னைப் போல் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுமே முன்வருகிறோம். சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து முடித்த பிறகு, பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில், பரிசுத்த வாரத்தை விலக்கி, ஒரு தேதியை வைத்துப் பாருங்கள். வருகைப் பதிவில் வேறு கைகள் உயரும்.

பழைய வழியைப் புதிதாகத் தேடிப்போக வேண்டியதும் இல்லை. வெஸ்லி 1755-ல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை, தென்னிந்தியத் திருச்சபை தன் பொது ஆராதனைப் புத்தகத்தில் தனக்குச் சொந்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நம்மில் பலர் அதைப் புத்தாண்டையொட்டி நடத்துகிறோம். தேவன் எந்த வேலையில் வைத்தாலும், வேலையில்லாமல் ஒதுக்கி வைத்தாலும், சம்மதம் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொடுக்கும் ஆராதனை அது. வேட்பு மனுக் கொடுத்தவர்களும், வாக்களிக்கப் போகிறவர்களும், தோற்கப் போகிறவர்களும் அந்த ஜெபத்தை ஒன்றாகச் சொல்லிவிட்டு வாக்குப் பெட்டியின் முன் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன். இதற்கு விதித் திருத்தம் தேவையில்லை. ஆராதனையை ஒழுங்குசெய்பவர்கள் மனம்வைத்தால் போதும்.

என் கோரிக்கையைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். முந்தைய கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டவுடன், ‘வாசித்ததாக ஏற்றல்’ என்ற சொற்களை நீக்கி, ‘எழுந்து நின்று வாசித்தல்’ என்று திருத்த வேண்டும் என நான் முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். டெல்டாவின் எந்தச் சேகரத்துப் பிரதிநிதியாக இருந்தாலும், அன்று என்னோடு எழுந்து நிற்க மனமுள்ளவர்கள் காலை ஆராதனைக்கு முன்பாக மண்டபத்து வாசலில் என்னைக் காணலாம். உங்கள் சபையில் மரித்து, அச்சிட்ட பட்டியலில் விடுபட்டுப்போனவர்கள் இருந்தால், பெயரையும் ஊரையும் ஊழியம் செய்த ஆண்டுகளையும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டுவாருங்கள். எங்கள் சேகரத்திலிருந்து இந்த முறை மூன்று பெயர்கள். பக்கத்துச் சேகரத்து உபதேசியாரின் பெயரையும், அன்று வாசிக்காமல் விட்டதால், அவற்றோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். அவருடைய மனைவிக்கு இந்த வருடம் பேருந்தில் வரப் பெலன் இல்லை, பேத்தியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
பாமணி ஆற்றங்கரைச் சேகரத்துப் பிரதிநிதி